ஷ்மிட் என்று பல பேர்

(ஒரகடத்தில் பொறியியல், தொழிற்பயிற்சி மாணவர்களும் ஆலைப் பணியாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும் இந்த ஒரகடத்தில் சந்திக்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் காம்பவுண்டு சுவர்களில் வெளிநாட்டுப் பெயர்கள். அவற்றுள் சில, மனிதர்களின் பெயர்கள். 2012இல் இங்கே உற்பத்தி தொடங்கிய லாரி ஆலையின் பலகையில் டைம்லர் இருக்கிறது. லாரியின் நெற்றியில் பாரத்பென்ஸ் என்று இருக்கிறது. காட்லிப் டைம்லர் ஒரு மனிதர். கார்ல் பென்ஸ் இன்னொரு மனிதர். இருங்காட்டுக்கோட்டையில் கான்கிரீட் எந்திரங்கள் செய்யும் ஆலையின் பெயரில் ஷ்விங், ஸ்டெட்டர் என்று இரண்டு ஜெர்மன் குடும்பப் பெயர்கள் சேர்ந்து நிற்கின்றன. போஷ் என்ற பெயர் பொறித்த டிரில்லைக் கையில் பிடிக்காதவர் இந்த அரங்கில் அநேகமாக யாரும் இல்லை.

நான் இன்று பேச வந்திருப்பது சுவரில் இல்லாத ஒரு ஜெர்மன் குடும்பப் பெயரைப் பற்றி. ஷ்மிட். எனக்குத் தெரிந்தவரை இந்த வட்டாரத்தில் எந்த வாசலிலும் அந்தப் பெயரில் பலகை இல்லை. ஆனால் ஆலைக்கு உள்ளே போனால், தூணில், அளவு எடுக்கும் அறையில், சர்க்யூட் போர்டில், மாடியில் நிற்கும் கூலிங் டவரில் என்று எங்கும் ஒரு ஷ்மிட் இருக்கிறார். உங்கள் பாடநூல்களிலும் இருக்கிறார். அத்தனையும் ஒரே ஆள்தான் என்று நம்பிக்கொண்டு தேர்வு எழுதி முடித்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் மேல் குற்றம் இல்லை. புத்தகம் பெயரை மட்டும் போட்டுவிட்டு அடுத்த சமன்பாட்டுக்குப் போய்விடுகிறது.

ஜெர்மனியில் மிகப் பரவலான குடும்பப் பெயர் முல்லர். அதற்கு அடுத்தது ஷ்மிட். ஊருக்கு ஊர் கொல்லுப்பட்டறை இருந்த காலத்தில், அந்தத் தொழிலைச் செய்தவரின் வீட்டுக்கு நிலைத்துப்போன பெயர் அது. எழுத்துக்கூட்டல் வட்டாரத்துக்கு வட்டாரம் கொஞ்சம் மாறும். ரைன் நதிப் பக்கம் போனால் ஷ்மிட்ஸ் என்பார்கள். ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்த பெயர் இல்லை இது. நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியாகத் தோன்றிய பெயர். ஆகவே இரண்டு ஷ்மிட்களுக்கு இடையே உறவு இருக்க வேண்டிய கட்டாயமே கிடையாது.

நம் லைனில் மூன்று மணிகண்டன் இருந்தால் என்ன செய்கிறோம்? செய்யாறு மணிகண்டன், வாலாஜாபாத் மணிகண்டன், பெயிண்ட் ஷாப் மணிகண்டன். ஊரையோ வேலையையோ முன்னால் சேர்த்துவிடுகிறோம். யார் செய்த வேலை யார் கணக்கில் போக வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறோம். அது ஒரு மரியாதையும்கூட. பாடநூல் ஷ்மிட்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. இன்று அவரவருக்கு அவரவர் ஊரையும் வேலையையும் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறேன்.

சிவில் படித்தவர்களுக்குத் தெரிந்தவரிடமிருந்து தொடங்குகிறேன். ரீபவுண்ட் ஹாமர் என்று சைட்டில் சொல்வீர்கள். அதன் இன்னொரு பெயர் ஷ்மிட் ஹாமர். எர்ன்ஸ்ட் ஷ்மிட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1940களின் இறுதியில் உருவாக்கிய கருவி. கையில் அடங்கும் உலோகக் குழாய். முனையைத் தூணில் வைத்து அழுத்தினால், உள்ளே இழுபட்ட ஸ்பிரிங் சட்டென்று விடுபட்டு, ஒரு எடை அந்த முனையைப் போய் அடிக்கும். அடித்த எடை எவ்வளவு தூரம் பின்னால் துள்ளுகிறது என்பதைப் பக்கத்தில் இருக்கும் அளவுகோல் காட்டும். பரப்பு கடினமாக இருந்தால் துள்ளல் அதிகம். நொய்வாக இருந்தால் அடியின் ஆற்றலைக் கான்கிரீட்டே உள்வாங்கிக்கொள்ளும், துள்ளல் குறையும். அவ்வளவுதான் தத்துவம்.

இதற்கு ஏன் ஒருவர் மெனக்கெட வேண்டும்? கான்கிரீட் போடும்போது 150 மில்லிமீட்டர் கியூப் வார்த்து, 28 நாள் நீரில் வைத்து, எந்திரத்தில் நசுக்கிப் பார்க்கிறோம். ஆனால் அந்தக் கியூப் சொல்வது அச்சில் ஊற்றிய கான்கிரீட்டைப் பற்றி. தூணில் ஊற்றியதை வைப்ரேட்டர் சரியாகப் போட்டார்களா, ஏழு நாள் தண்ணீர் ஊற்றினார்களா, சித்திரை வெயிலில் மேல்பரப்பு காய்ந்துபோனதா என்பதெல்லாம் கியூபுக்குத் தெரியாது. தூணை உடைத்தா பார்க்க முடியும்? நிற்கிற தூணைச் சேதப்படுத்தாமல் நிற்கிற இடத்திலேயே ஒரு கேள்வி கேட்க வழி வேண்டியிருந்தது. எர்ன்ஸ்ட் ஷ்மிட் அந்த வழியைக் கையடக்கமாகச் செய்து கொடுத்தார். இன்று மலைப்பாறையின் கடினத்தை அளக்கப் புவியியலாளர்களும் அதையே எடுத்துப் போகிறார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வட்டாரத்தில் நாள்தோறும் புதிய ஷெட்டும் மேம்பாலமும் எழும்புகின்றன. ஹாமரின் உடலில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்து, துள்ளல் எண் 36, ஆகவே வலிமை இவ்வளவு என்று அப்படியே அறிக்கை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அந்தக் கருவியை அதன் தகுதிக்கு மேல் நம்புவது. இந்தச் சோதனைக்கான இந்தியத் தர விதியே, கட்டடத்தில் இருக்கும் கான்கிரீட்டின் வலிமையை இப்படி மதிப்பிடும்போது 25 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடால் இறுகியிருக்கும். எண் கூடுதலாகக் காட்டும். ஈரமாக இருந்தால் குறைத்துக் காட்டும். மேல்நோக்கி அடிப்பதற்கும் கீழ்நோக்கி அடிப்பதற்கும் எண் மாறும். ஓர் இடத்தில் ஒரே ஒரு அடி போதவே போதாது. ஆனால் இருபது தூண்கள் இருக்கும் ஷெட்டில் பதினெட்டு ஒரே மாதிரி பேசி, இரண்டு மட்டும் வேறு மாதிரி பேசினால், அந்த இரண்டை உடனே காட்டிக்கொடுக்க இதைவிட எளிய கருவி கிடையாது. ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதன் வேலை. அதை அந்த வேலைக்குப் பயன்படுத்துங்கள்.

கெமிக்கலும் மெக்கானிக்கலும் படிப்பவர்கள் 'ஷ்மிட் எண்' என்று ஒன்றைப் படிக்கிறீர்கள். அதற்குப் பெயர் தந்தவரும் எர்ன்ஸ்ட் ஷ்மிட்தான்! பெயர் முழுவதும் ஒன்று, ஆள் வேறு. இவர் 1892இல் வட ஜெர்மனியில் லூனபர்க் நகருக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். டான்சிக், பிரவுன்ஷ்வைக், மியூனிக் நகரங்களில் பணியாற்றி 1975இல் மறைந்தார். வாழ்நாள் முழுக்க வெப்பம் எப்படி இடம் மாறுகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தவர். பளபளக்கும் அலுமினியத் தகடு வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும், ஆகவே மெல்லிய தகட்டை அடுக்கியே வெப்பக் காப்பு செய்யலாம் என்று 1920களில் காட்டியவர் இவர். நம் ஆலைகளின் கூரைக்கு அடியில் வெள்ளிபோல மின்னும் தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேலை செய்வது அதே தத்துவம்.

ஷ்மிட் எண் சொல்வது இது: ஒரு வாயுவிலோ திரவத்திலோ அசைவு பரவும் வேகத்துக்கும், அதில் கலந்திருக்கும் பொருள் பரவும் வேகத்துக்கும் உள்ள விகிதம். காற்றில் நீராவிக்கு அது ஏறக்குறைய 0.6. பார்த்தால் ஒரு சின்ன எண். ஆனால் கூலிங் டவரில் தண்ணீர் எவ்வளவு விரைவாக ஆவியாகும், அதனால் எவ்வளவு குளிரும் என்று கணக்குப் போட அது வேண்டும். ஒரு பொருளிலிருந்து வெப்பம் போகும் விதமும் ஈரம் போகும் விதமும் ஒரே கணக்கின் இரண்டு முகங்கள் என்று காட்டியதில் இவருடைய பங்கு பெரியது. மே மாதத்தில் கூலிங் டவர் பக்கம் போகும் பராமரிப்புப் பிரிவு நண்பர்கள், புழுக்கமான நாளில் அது ஏன் திணறுகிறது என்று அனுபவத்தில் அறிந்தவர்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் குறையும், குளிர்ச்சியும் குறையும். நீங்கள் உடம்பால் அறிந்ததைத்தான் அவர் எண்ணால் எழுதினார்.

அடுத்தவர் எர்ஹார்ட் ஷ்மிட். எர்ன்ஸ்ட் இல்லை, எர்ஹார்ட். கணிதர். கிராம்–ஷ்மிட் முறை என்று லீனியர் அல்ஜீப்ரா தாளில் படித்து, சதுர மூலங்களைச் சுமந்துகொண்டு பக்கம் பக்கமாக எழுதியிருப்பீர்கள். எதற்காக இது என்று கேட்காமலேயே எழுதியிருப்பீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். ஏனென்றால் அது எதற்காக என்பதற்கான விடை நீங்கள் வேலைக்குப் போகும் ஆலையிலேயே இருக்கிறது.

குவாலிட்டி பிரிவில் பாகங்களைத் தொட்டு அளவெடுக்கும் சி.எம்.எம். எந்திரம் வைத்திருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். பாகத்தை மேசையில் வைத்தவுடன் என்ன செய்கிறீர்கள்? 3-2-1 அலைன்மென்ட். முதலில் ஒரு தளத்தில் மூன்று புள்ளிகள் தொடுகிறீர்கள். அந்தத் தளத்துக்குச் செங்குத்தான திசை உங்கள் முதல் அச்சு. பிறகு ஒரு பக்கவாட்டில் இரண்டு புள்ளிகள். ஒரு கோடு கிடைக்கிறது. அந்தக் கோடு முதல் அச்சுக்குச் சரியாகச் செங்குத்தாக இருக்காது, பாகத்தில் எப்போதும் சிறு பிசகு இருக்கும். மென்பொருள் என்ன செய்கிறது? அந்தக் கோட்டில் முதல் அச்சின் திசையில் சாய்ந்திருக்கும் பகுதியைக் கழித்துவிடுகிறது. மிச்சம் இருப்பது சுத்தமான செங்குத்து. அது இரண்டாவது அச்சு. இரண்டுக்கும் செங்குத்தாக மூன்றாவது தானாக வந்துவிடும். கடைசிப் புள்ளி தொடக்க இடத்தைத் தரும். நண்பர்களே, அந்தக் கழித்தல்தான் கிராம்–ஷ்மிட். நீங்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் செய்துகொண்டிருக்கிறீர்கள். பாடி ஷாப்பில் வெல்டிங் செய்யும் ரோபோவின் கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மூன்று செங்குத்து அச்சுகளால் குறிக்கலாம். கணக்கு மேல் கணக்காகப் போகும்போது தசமங்கள் தேய்ந்து அச்சுகள் கொஞ்சம் கோணலாகும். அவற்றை மறுபடி நேராக்கவும் இதே முறை உதவுகிறது.

எர்ஹார்ட் ஷ்மிட் பிறந்தது 1876இல், இன்று எஸ்டோனியாவில் டார்ட்டு என்று வழங்கும் நகரத்தில். அன்று அது ரஷ்யப் பேரரசின் பகுதி. ஜெர்மனியின் கோட்டிங்கனில் கணிதர் ஹில்பர்ட்டிடம் ஆய்வு செய்து 1905இல் பட்டம் பெற்றார். 1907இல் வந்த கட்டுரையில்தான் இந்த முறை இருக்கிறது. அவர் அதை நம் பாடத்தில் வரும் வெக்டர் அம்புக்குறிகளுக்காக எழுதவில்லை. முடிவில்லாத திசைகள் கொண்ட வெளிகளில், சார்புகளுக்காக எழுதினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த ஒன்று, அந்தக் கட்டுரையிலேயே, இதையே டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் 1883இல் செய்திருக்கிறார் என்று அவர் சுட்டிக்காட்டியிருப்பது. பெயர் முழுவதும் தனக்கே வரும் வாய்ப்பு இருந்தபோது முன்னவருக்கு உரியதை எழுதிவைத்த மனிதர். அந்தக் கிராம் பல்கலைக்கழகப் பேராசிரியர்கூட இல்லை; காப்பீட்டு நிறுவனத்தில் கணக்குப் பார்த்தவர். 1916இல் கோபன்ஹேகனில் அறிவியல் கழகக் கூட்டத்துக்குப் போகும் வழியில் மிதிவண்டி மோதி இறந்துபோனார். இதைப் பற்றி உங்கள் பாடநூலில் ஒரு வரி இருந்தால், அந்தச் சதுர மூலங்கள் இத்தனை கசக்காது.

எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் இருப்பவர்களுக்கு, ஷ்மிட் டிரிக்கர். கைப்பேசி, கட்டுப்பாட்டுப் பலகை, சென்சார் எதைச் செய்தாலும் அது உள்ளே இருக்கும். இவர் எழுத்துக்கூட்டலில் இரண்டு டி வரும் ஷ்மிட். ஆட்டோ ஷ்மிட், 1913இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். 1934இல் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது அவர் செய்துகொண்டிருந்தது ரேடியோ ஆராய்ச்சி இல்லை. கணவாய் மீனின் நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் காசிமேட்டில் கூடை கூடையாக இறங்கும் அதே வகைதான். அதன் நரம்பு பெரியது, ஆராய வசதியானது. ஒரு அளவுக்குக் கீழே எவ்வளவு தூண்டினாலும் நரம்பு பேசாமல் இருக்கும். அளவைத் தாண்டினால் முழுதாகத் துடிக்கும். அந்த நடத்தையை மின்சுற்றில் செய்து பார்த்ததிலிருந்து வந்தது இந்த டிரிக்கர். 1938இல் கட்டுரையாக வெளிவந்தது.

வீட்டு மாடித் தொட்டியில் தானியங்கி மோட்டார் வைத்திருக்கிறோம். தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கினால் மோட்டார் ஓடும். மேல்மட்டத்தைத் தொட்டால் நிற்கும். நடுவில் தண்ணீர் எப்படி அலம்பினாலும் மோட்டார் கண்டுகொள்ளாது. ஒரே ஒரு மட்டத்தை வைத்திருந்தால், ஒவ்வொரு அலைக்கும் மோட்டார் ஓடி நின்று ஓடி நின்று எரிந்துபோயிருக்கும். ஷ்மிட் டிரிக்கர் மின்னழுத்தத்துக்குச் செய்வது அச்சு அசல் அதுவே. மேலே ஒரு வரம்பு, கீழே ஒரு வரம்பு, நடுவில் வரும் இரைச்சலுக்குச் செவி சாய்ப்பதில்லை. வெல்டிங்கும் மோட்டாரும் இன்வெர்ட்டரும் இரைந்துகொண்டிருக்கும் நம் ஆலைத் தளத்தில், ஒரு சென்சார் சொல்லும் 'ஆம்' உண்மையான 'ஆம்'தானா என்பதை உறுதி செய்ய அது உதவுகிறது. இயற்கையைப் பார்த்துக் கருவி செய்யும் துறைக்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் ஆங்கிலப் பெயரை வைத்தவரும் இதே ஆட்டோ ஷ்மிட்தான்.

நீராவி ரயிலைப் பார்த்த வயதானவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். இன்று வாலாஜாபாத் நிலையத்தில் புதுக் கார்களைச் சரக்கு ரயிலில் ஏற்றுகிறார்களே, அந்தச் செங்கல்பட்டு–அரக்கோணம் பாதை முன்பு மீட்டர்கேஜ். அந்தக் காலத்து எஞ்சின்களில் கொதிகலனிலிருந்து வரும் நீராவியை அப்படியே சிலிண்டருக்கு விடாமல், புகைக்குழாய்க்குள் ஓடும் சிறு குழாய்களில் மறுபடி சூடேற்றி விடுவார்கள். குளிர்ந்த சிலிண்டரில் நீராவி தண்ணீராகிச் சக்தி வீணாவது அதனால் குறையும், கரியும் தண்ணீரும் மிச்சமாகும். 1890களில் அதை ரயிலுக்குக் கொண்டுவந்தவர் வில்ஹெல்ம் ஷ்மிட். ஜெர்மனியில் ஏகப்பட்ட ஷ்மிட்கள் இருந்ததால் அங்கேயே அவரை 'சூட்டு நீராவி ஷ்மிட்' என்று அழைத்தார்கள். பெயிண்ட் ஷாப் மணிகண்டன் என்கிறோமே, அதே வழக்கம்.

இப்போது எனக்கு நெருக்கமான ஷ்மிட்டிடம் வருகிறேன். பெர்ன்ஹார்ட் ஷ்மிட். 1879இல், இன்றைய எஸ்டோனியாவின் டாலின் நகருக்கு எதிரே கடலில் இருக்கும் நைசார் என்ற சின்னத் தீவில் பிறந்தவர். பதினைந்து வயது வாக்கில் இரும்புக் குழாயில் வெடிமருந்து திணித்து விளையாடியபோது அது வெடித்து வலக்கையை இழந்தார். மிச்சமிருந்த ஒரு கையால் அவர் தேர்ந்துகொண்ட தொழில் என்ன தெரியுமா? தொலைநோக்கிக் கண்ணாடி தேய்ப்பது. மைக்ரானுக்கும் கீழே துல்லியம் கேட்கிற வேலை. எந்திரத்தை நம்பாமல் கையாலேயே தேய்த்தார். ஜெர்மனியில் மிட்வைடா என்ற ஊரில் ஒரு சிறு பட்டறை. பெரிய ஆய்வகங்கள் அவரிடம் கண்ணாடி வாங்கின. முதல் உலகப் போருக்குப் பின் பொருளாதாரம் நொடித்ததில் அந்தத் தொழிலும் நொடித்தது. கடைசியில் ஹாம்பர்க் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது.

அவர் காலத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பெரிய தொலைநோக்கி வானத்தின் ஊசிமுனை அளவை மட்டும் தெளிவாகக் காட்டும்; ஓரத்துக்குப் போகப் போக நட்சத்திரங்கள் வால் முளைத்துக் கலங்கிப்போகும். அகன்ற வானத்தை ஒரே படத்தில் தெளிவாகப் பிடிக்க முடியவில்லை. ஷ்மிட் கோள வடிவக் கண்ணாடியை எடுத்துக்கொண்டார். அதன் பிழையைத் திருத்த, முன்னால் ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்தார். அந்தத் தகட்டின் வளைவு மிகவும் வினோதமானது, தேய்த்துக் கொண்டுவருவது ஏறக்குறைய முடியாத காரியம். அவர் செய்த வழியை டூல் ரூமில் இருக்கும் நண்பர்கள் கவனமாகக் கேளுங்கள். தகட்டை ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்து, உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்தார். தகடு கணக்குப் போட்ட அளவுக்கு உள்வாங்கி வளைந்தது. வளைந்த நிலையிலேயே மேல்பக்கத்தை எளிய வடிவத்துக்குத் தேய்த்தார். பிறகு காற்றை உள்ளே விட்டார். தகடு நிமிர்ந்தது, நிமிர்ந்தபோது வேண்டிய அந்த வினோத வளைவு தானாக மேற்பரப்பில் வந்து நின்றது. 1930இல் முதல் கேமரா தயார். பணமும் புகழும் பெரிதாக வரவில்லை. 1935 டிசம்பரில் ஹாம்பர்க்கில், மனநோய் மருத்துவமனையில் இறந்தார். அவர் போன பிறகுதான் உலகம் அந்தக் கேமராவைக் கொண்டாடியது. அமெரிக்காவின் பாலோமர் மலையில் 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கி வட வானம் முழுவதையும் படமெடுத்தது. பிற நட்சத்திரங்களின் கோள்களைத் தேடிய கெப்ளர் விண்கலத்திலும் ஷ்மிட் அமைப்புதான்.

அந்த வகைத் தொலைநோக்கி நம்மிடமும் இருக்கிறது. ஜவ்வாது மலையில், காவலூர் ஆய்வகத்தில். விட்டம் அரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. 1988 பிப்ரவரி 17 அன்று வானியலாளர் ஆர். ராஜமோகன் அங்கே அதைக் கொண்டு ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தார். இந்திய மண்ணிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படி ஒன்று கண்டுபிடிக்கப்படாமல் இருந்தது. 4130 என்ற வரிசை எண் பெற்ற அந்தச் சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதையின் பெயர். வைணவக் குடும்பங்களில் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. எஸ்டோனியத் தீவில் கையை இழந்த ஒருவரின் பெயர் தாங்கிய கருவி, நம் ஊர்ப் பெயர் ஒன்றை வானத்தில் எழுதியிருக்கிறது. இந்தச் செய்தியை முதன்முதலில் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இன்று இவ்வளவு தூரம் வந்தேன் என்றும் சொல்லலாம்.

வேறு ஷ்மிட்களும் உண்டு. 1974 முதல் 1982 வரை மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சராக இருந்த ஹெல்முட் ஷ்மிட்டை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். குவேசார் என்னும் விண்பொருள்கள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று 1963இல் கண்ட மார்டன் ஷ்மிட் டச்சுக்காரர். பிரபஞ்சம் விரைந்து விரிகிறது என்ற கண்டுபிடிப்புக்காக 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பிரையன் ஷ்மிட் அமெரிக்காவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றுபவர். வட துருவக் கடல்களில் பயணம் செய்த சோவியத் கணிதர் ஆட்டோ ஷ்மிட்டின் பெயர் இயற்கணிதப் பாடத்தில் இருக்கிறது.

இந்தப் பட்டியலில் எத்தனை பேர் ஜெர்மனியில் பிறந்தவர்கள் என்று பாருங்கள். வெப்பக் கணக்கு எர்ன்ஸ்ட், சூட்டு நீராவி வில்ஹெல்ம், அரசியல்வாதி ஹெல்முட். மற்றவர்கள் சுவிட்சர்லாந்து, எஸ்டோனியா, அமெரிக்கா, நெதர்லாந்து, ரஷ்யப் பேரரசு. பெயர் ஜெர்மன் பெயர்தான். ஆனால் பெயர் பிழைப்புத் தேடிப் போகும் மனிதர்களோடு சேர்ந்து போய்விட்டது. நம் வட்டாரத்தில் 'ஜெர்மன் தரம்' என்று ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது, தரம் என்பது ஒரு இனத்தின் ரத்தத்தில் ஊறியது என்பதுபோல. அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. ஒற்றைக் கையால் கண்ணாடி தேய்த்தவருக்கு அந்தத் துல்லியத்தைக் கொடுத்தது குடும்பப் பெயர் இல்லை. இரவு இரவாகத் தேய்த்துச் சோதித்து மறுபடி தேய்த்தது கொடுத்தது. ஒரகடத்தில் கட்டிய லாரி நன்றாக ஓடினால், அதைக் கட்டியவர்கள் உத்திரமேரூரிலிருந்தும் செய்யாற்றிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் மண்ணுக்கே வந்த இரண்டு ஷ்மிட்களைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒருவர் பெர்ன்ஹார்ட் ஷ்மிட் என்ற பாதிரியார். தொலைநோக்கிக்காரருக்குப் பல தலைமுறை முந்தியவர். ஜெர்மனியில் யேனா நகருக்கு அருகில் 1787இல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரோடு பணியாற்றினார். பிறகு நீலகிரியில் இருந்தபோது செடிகளைச் சேகரித்து உலர்த்தி யேனாவுக்கு அனுப்பினார். சென்கர் என்ற தாவரவியலாளர் அவற்றை வைத்து 1835 முதல் 1837 வரை வண்ணப் படங்களோடு நூல் வெளியிட்டார். நீலகிரிச் செடிகளைப் பற்றிய தொடக்ககால நூல்களில் அது ஒன்று.

இன்னொருவரை நீங்கள் அனைவரும் பார்த்திருக்கிறீர்கள், பார்த்தது தெரியாமல். பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளை வளைவு போல ஒரு மண்டபம் நிற்கிறதே, அது ஷ்மிட் நினைவுச் சின்னம். கே. ஏ. ஜே. ஷ்மிட் என்று கல்வெட்டில் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்தவர். 1930 டிசம்பர் 30 அன்று அந்த இடத்துக்கு அருகே, கடலில் தத்தளித்த பிறரைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கி இறந்தார். எதையும் கண்டுபிடித்தவர் இல்லை. அவர் செய்தது ஒரு நாள், சில நிமிடங்கள். சுண்டல் வாங்கிக்கொண்டு அந்தப் படியில் உட்காரும்போது கல்வெட்டை ஒரு முறை படியுங்கள்.

கடைசியாக, ஆலை நிர்வாகங்களுக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆலைகளில் செய்யும் சிறு மேம்பாடுகளுக்குக் கைசன் தாள் எழுதுகிறீர்கள். போல்ட் மாறிப் போகாமல் இருக்க ஒரு ஜிக், குனிந்து தூக்க வேண்டாதபடி ஒரு தள்ளுவண்டி, தவறாக மாட்ட முடியாதபடி ஒரு ஃபிக்ஸ்சர் என்று ஆபரேட்டர்கள் செய்துகொண்டே இருக்கிறீர்கள். அந்த மாதம் அறிவிப்புப் பலகையில் புகைப்படம் வரும், கைதட்டல் கிடைக்கும். அடுத்த மாதம் படம் மாறிவிடும். ஜிக் மட்டும் பத்து ஆண்டு ஓடும், ஒரு எண்ணோடு. ஒப்பந்தத் தொழிலாளி செய்தது என்றால் அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு கேட்கவே ஆளில்லை. அந்த ஜிக்கின் உடலிலேயே செய்தவரின் பெயரைப் பொறியுங்கள். பஞ்ச் செட் எல்லா டூல் ரூமிலும் இருக்கிறது, கால் மணி நேர வேலை. பெயரோடு ஊரும் ஆண்டும் இருக்கட்டும். இனிஷியல் மட்டும் போதாது. ஒரே எழுத்தில் இரண்டு மணிகண்டன் இருப்பார்கள், அப்பா பெயரை முழுதாகப் பொறியுங்கள், அம்மா பெயரும் சேர்ந்தால் இன்னும் நல்லது. வேலைமுறை எழுதிய எஸ்.ஓ.பி. தாளிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதுங்கள். புதிதாகச் சேரும் பயிற்சியாளருக்கு அந்த ஜிக்கைக் காட்டும்போது அந்தப் பெயரைச் சொல்லியே காட்டுங்கள்.

டூல் ரூம் நண்பர் ஒருவர் வெகுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். அந்தக் காற்று உறிஞ்சும் முறையைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைக்கிறேன். கேளுங்கள் தம்பி.